தேயிலைத் தூரும் உருப்பெருக்கிக் கண்ணாடியும்

வட்டவளையில் மழை ஓய்ந்த நாட்கள் குறைவு. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும் அந்த மண்ணிலே ஒவ்வொரு தேயிலைத் தூரும் ஒரு சிற்றுலகம். கிளையிடுக்கில் சிலந்தி வலை கட்டுகிறது. சுருண்ட இலைக்குள் புழு உறங்குகிறது. வாதுக்குள்ளே வண்டு சுரங்கம் வெட்டுகிறது. இவற்றை மிக நெருங்கிப் படம் பிடிப்பதற்கென்றே மலைநாட்டுக்கு வருவோர் இன்று உளர். அப்படங்களின் அழகை நாம் வியக்கிறோம். ஆயினும், இந்த நெருங்கிய பார்வையை மலைநாட்டிலே தொடங்கிவைத்தது அழகுணர்ச்சி அன்று. தோட்டத்தின் இலாப நட்டக் கணக்கே.

கோப்பி செழித்திருந்த காலம். நீட்னர் என்னும் ஜெர்மானியத் தோட்டக்காரர், கோப்பிச் செடியின் பகைகளைப் பற்றி 1861இல் ஒரு நூல் வெளியிட்டார். இன்று தேயிலையைத் தாக்கும் இலைசுருட்டிப் புழுவுக்கும், செஞ்சிலந்தி என்று வழங்கும் உயிருக்கும் அறிவியற்பெயர் இட்டவர் அவரே. செஞ்சிலந்தி உண்மையில் சிலந்தி அன்று. எட்டுக் காலும் உண்டு, நூலும் நூற்கும். எனினும் அஃது உண்ணி இனத்தைச் சேர்ந்தது, நீளம் அரை மில்லிமீற்றர் அளவே. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்தியது. இவ்விரு உயிர்களும் தேயிலையில் உண்டு வாழ்ந்தன. கோப்பிக்கென்று கடல் கடந்து வந்த தமிழ்த் தொழிலாளரும் தேயிலைக்கு மாறினர். ஆனால் பூச்சிக்குக் கிட்டிய பெயர்ப்பதிவு அவர்களுக்குக் கிட்டவில்லை.

இது வெறும் வாய்ச்சொல் அன்று. அக்காலத்தின் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரோன் 1875இல் இலங்கைக்கு வந்தார். 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமானார். வட்டவளைக்கு மிகத் தொலைவில்லை. இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர், அறிஞர் படங்களுக்கெல்லாம் பெயர் உண்டு. இலங்கையில் அவர் முன் நின்ற உழைப்பாளர் படங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் இல்லை. அதே மலைகளில் பிடிபட்ட செதிற்பூச்சி ஒன்றுக்கோ இலத்தீன் பெயரும், ஊர்ப்பெயரும், கண்டவர் பெயரும் சேர்த்து எழுதப்பட்டன!

அப்பூச்சிகளை எழுதியவர் எட்வர்ட் ஏர்னஸ்ட் கிறீன். பூண்டுலோயாவில் தோட்டக்காரராயிருந்து, 1890இல் தேயிலையின் பூச்சிப் பகைகளைப் பற்றி நூல் செய்து, பின்னர் அரசாங்கப் பூச்சியியலாளராகவும் ஆனவர். இலங்கைச் செதிற்பூச்சிகளைப் பற்றிய அவருடைய பெருநூல் 1896 முதல் 1922 வரை ஐந்து பகுதிகளாய் வெளிவந்தது. அதன் உருவங்கள் வரையப்பட்டவை; படம்பிடிக்கப்பட்டவை அல்ல.

காரணம் எளிது. பூச்சியை அதன் இயல்பான அளவிலேயே படச்சுருளில் பதிக்கவேண்டுமானால், வில்லையைச் சுருளிலிருந்து வெகுவாக முன்னே நகர்த்தவேண்டும். அப்போது தெளிவாய் விழும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றராகச் சுருங்கிவிடும். கண் தெளிந்தால் கால் மங்கும். துவாரத்தைக் குறுக்கினால் ஆழம் கூடும், ஒளி போதாது. ஒளிக்காக நெடுநேரம் திறந்து வைத்தால் பூச்சி அசைந்துவிடும். அமெரிக்காவில் டேவிட் பெயர்சைல்டும் அவர் துணைவியாரும் மிக நீண்ட பெட்டிக் கமராவினால் பூச்சிகளையும் சிலந்திகளையும் பெரிதாய்ப் பிடித்து 1914இல் நூலாக்கினர். கையில் எடுத்துச் செல்லும் சிறு கமராவுக்கு ஏற்ற அண்மைப்பட வில்லையை ஹைன்ஸ் கில்பிட் வெளியிட்டது 1955இலேதான்.

இதற்கிடையே நாவலப்பிட்டிக்கு 1874இலும், வட்டவளையைக் கடந்து ஹட்டனுக்கு 1884இலும் இருப்புப்பாதை வந்துவிட்டது. தேயிலை மலையெங்கும் பரவியது. 1892இல் நாவலப்பிட்டியின் கிறேக்ஹெட் தோட்டத்திலே தண்டு துளைக்கும் வண்டு தேயிலைக்குப் பகையாக முதன்முதல் கண்டறியப்பட்டது. பெண்வண்டு இரண்டரை மில்லிமீற்றர் அளவே. அதன் குஞ்சுகள் மரத்தைத் தின்பதில்லை. தாய் சுமந்துவந்து சுரங்கச் சுவரில் வளர்க்கும் பூஞ்சணத்தையே தின்கின்றன. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் காட், லூஸ் இருவரும் 1947இல் அப்பூஞ்சணத்தை விவரித்துப் பெயரிட்டனர். வண்டும் ஒரு பயிர்த்தொழிலாளிதான் போலும்!

1950களில் இவ்வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. விளைவு விபரீதமாயிற்று. இலைசுருட்டிப் புழுவுக்கு எதிராக 1935-36இல் ஜாவாவிலிருந்து கொணர்ந்து விட்ட சிறு ஒட்டுண்ணிக் குளவி, அதுவரை புழுவை அடக்கி வைத்திருந்தது. நஞ்சு அக்குளவியைக் கொன்றது. புழு மீண்டும் பெருகியது. பூச்சிக்கும் பூச்சிக்கும் உள்ள உறவைக் காணாத அவசரம் இது. அந்நஞ்சை மலைமலையாய்ச் சுமந்தவர் எவர் என்று வாசகருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. பின்னர் 2001இன் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை டீல்ட்ரினை விலக்கவேண்டிய நஞ்சுகளுள் சேர்த்தது.

இன்று லயத்துப் பிள்ளையின் கையிலும் கமராவுள்ள தொலைபேசி இருக்கிறது. ஒரு சிறு வில்லையை அதன் முன் பொருத்தினால் அட்டையின் வாயையும் மயிர்க்கொட்டியின் முள்ளையும் எடுத்துவிடலாம். இது வெறும் பொழுதுபோக்கு என்று நாம் கருதவில்லை. கொழுந்து பறிப்போர் குளவிக்கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டனர் என்ற செய்தி மலைநாட்டிலிருந்து ஓயாது வருகிறது, உயிரிழந்தோரும் உளர். செய்தியில் எல்லாம் குளவியே. ஆனால் கொட்டுவது பல வேளைகளில் மலைத்தேனீ. தேனீ தன் கொடுக்கைத் தோலிலே விட்டுச் செல்கிறது. அதை உடனே நீக்கவேண்டும், தாமதித்தால் நஞ்சு மேலும் இறங்கும். குளவி கொடுக்கை விடுவதில்லை. திரும்பத் திரும்பக் கொட்டும். செத்துக் கிடக்கும் ஒன்றை அருகிருந்து எடுத்த தெளிவான படம், எது கொட்டியதென்று தோட்டத்து மருந்தகத்துக்குக் காட்டிவிடும்.