ஹுன்னஸ்கிரிய: பறவைகளின் வாழிடத்தில் வீடுகள் எழும்போது சட்டம் யாருக்குத் துணை?

கண்டி – மஹியங்கனை வீதியில், மீமுரே செல்லும் பாதை பிரியும் இடம் ஹுன்னஸ்கிரிய. நக்கிள்ஸ் மலைத்தொடரின் வாசல்களில் இதுவும் ஒன்று. 2000ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்ட நக்கிள்ஸ், 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சிங்களத்தில் கெஹிபெல்லா எனப்படும் நீலநிறக் காக்கையினப் பறவை, மஞ்சட்காதுக் கொண்டைக்குருவி போன்ற, இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவைகள் இங்கு வாழ்கின்றன.

கொண்டைக்குருவி காட்டு எல்லையோடு நின்றுவிடுவதில்லை. ஓடைக்கரை மரங்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் அது இரை தேடும். சுற்றுலா விடுதிகளையும் சொகுசு வீடுகளையும் கட்ட முதலில் தேடப்படுவதும் இப்படியான காணிகளே.

சட்டத்தில் உள்ள இடைவெளி

தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993 ஜூனில் வெளியான வர்த்தமானி, எந்தத் திட்டங்களுக்குச் சுற்றாடல் மதிப்பீடு தேவை என்று பட்டியலிடுகிறது. ஒரு ஹெக்டேயருக்கு மேல் காட்டை அழிப்பது, 1,000க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டுவது ஆகியவை அதில் அடங்கும். பாதுகாக்கப்பட்ட வனத்தின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் வரும் திட்டங்களுக்குத் தனி விதி உண்டு. முழுமையான மதிப்பீட்டு அறிக்கை என்றால், அதன்மீது கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு 30 நாட்கள் உண்டு.

ஆனால் எல்லையிலிருந்து 200 மீற்றர் தள்ளி வரும் இருபது சொகுசு வீடுகள் இந்த வலையில் பெரும்பாலும் சிக்காது. அங்கே பிரதேச சபையின் அனுமதியும், மண்சரிவு தொடர்பான தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையுமே மக்கள் கவனிக்க வேண்டிய ஆவணங்கள்.

பள்ளிக்கரணை காட்டும் பாடம்

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் நீர்ப்பறவைகளின் பெரும் வாழிடம். அதில் 1,247 ஹெக்டேயர் 2022இல் ராம்சர் தலமானது. ஆயினும் 2025 ஜனவரியில் பெரும்பாக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட பிரிகேட் நிறுவனத்தின் தொடர்மாடித் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. அந்த இடம் ராம்சர் எல்லைக்குள் வருகிறது என்று அறப்போர் இயக்கம் ஆவணங்களுடன் குற்றஞ்சாட்டியது. அது பட்டா நிலம், எல்லை இன்னும் தரையில் அளந்து முடியவில்லை என்பது அரசு தரப்பின் வாதம். அக்டோபர் 31ஆம் திகதி சென்னை உயர் நீதிமன்றம் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது.

எல்லை அளக்கப்படாத காலத்திலேயே அனுமதி கைமாறியது. எதிர்ப்பாளர்களுக்குக் கைகொடுத்தவை வரைபடமும் சர்வே எண்களும்தான்.

எங்கள் அனுபவம் வேறு

வடக்கில் பலருக்கு வர்த்தமானி என்றாலே காணி பறிபோன நினைவுதான். 1990இல் மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்கள் திரும்பி வந்தபோது, தங்கள் பூர்வீக நிலம் என்று அவர்கள் சொல்லும் பகுதி 2012இல் காடாக அறிவிக்கப்பட்டிருந்தது. வில்பத்துவை அண்டிய அக்காட்டை வீடமைப்புக்காக அழித்தது சட்டவிரோதம் என மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020 நவம்பரில் தீர்ப்பளித்தது. சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்காவானது. பறவைகளுக்கு அது அரண், கரையோர மீனவர்களுக்கோ புதிய வேலி.

ஆகவே, பறவைக்காக எழும் ஒவ்வொரு குரலையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. லயன் அறையில் தலைமுறைகளாக வாழ்பவர் கேட்கும் ஏழு பேர்ச் காணியும், வார இறுதி விருந்தினருக்கான சொகுசு வீடும் ஒன்றல்ல. முன்னதற்கு எதிராகப் பறவையை நிறுத்துவது அநீதி. காட்டையும் ஓடையையும் விட்டு, மண்சரிவு அபாயமற்ற வேறு காணியைத் தோட்ட மக்களுக்குக் கேட்பதே இரு தரப்புக்கும் நியாயம்.

ஊர் மக்கள் செய்யக்கூடியவை மூன்று. எந்தப் பறவை எந்த ஓடையில், எந்த மாதம் கூடு கட்டுகிறது என்று திகதியோடும் படத்தோடும் பதிவுசெய்யலாம். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அனுமதிப் பத்திரங்களின் பிரதியைக் கேட்கலாம். எல்லை அளக்கப்படும் நாளில் அங்கே நிற்கலாம். இவை அனைத்தும் அத்திவாரம் வெட்டப்படுவதற்கு முன்பே நடக்க வேண்டும்.