சிரிக்க வைத்துத் திரட்டிய நிதி

நகைச்சுவையால் அறப்பணிக்குப் பணம் திரட்டுவதில் உலகறிந்த அமைப்பு பிரிட்டனின் 'காமிக் ரிலீஃப்'. எத்தியோப்பியப் பஞ்சத்தை அடுத்து 1985-இல் எழுத்தாளர் ரிச்சர்ட் கர்ட்டிஸும் நகைச்சுவை நடிகர் லென்னி ஹென்றியும் இதைத் தொடங்கினர். முதல் 'சிவப்பு மூக்கு நாள்' 1988 பிப்ரவரி 5 அன்று நடந்தது. மக்கள் சிவப்பு நிறப் பொய்மூக்கை விலைகொடுத்து வாங்கி மாட்டிக்கொண்டனர். தொலைக்காட்சியில் வேடிக்கை நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஆப்பிரிக்க வறுமைக் காட்சிகள் வந்தன. சுமார் 1.5 கோடி பவுண்டு சேர்ந்தது.

சிரிப்பு ஒருவருக்கு, இரக்கம் இன்னொருவருக்கு என்ற இந்தப் பங்கீடுதான் பின்னர் கண்டனத்துக்கு உள்ளானது. பிரபலங்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிப் படமெடுக்கும் வழக்கத்தை நிறுத்துவதாக 2020-இல் அவ்வமைப்பே அறிவித்தது.

நம் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் (1908–1957) நிதி அமைப்பு எதையும் நம்பியிருக்கவில்லை. நாகர்கோவில் ஒழுகினசேரியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். நகைச்சுவையால் ஈட்டியதைக் கேட்டவர்க்குக் கொடுத்தார். இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைப்பட்டு 1947-இல் மீண்ட பின்னும் அந்தக் கை சுருங்கவில்லை. (கணக்குப் பார்த்துக் கொடுப்பவர் அல்லர், கடைசிக் காலத்தில் பணமுடையும் வந்தது.) 'நல்லதம்பி' (1949) படத்தில் வரும் அவரது 'கிந்தனார்' கதாகாலட்சேபத்தில், ஒடுக்கப்பட்ட சிறுவன் பட்டணம் போய்ப் படித்து உயர்கிறான். அங்கே ஏழை இரக்கத்துக்குரிய படம் அல்ல, அவனே கதாநாயகன்.