பாலும் பிணியும்: மார்பகப் புற்றுநோயில் ஓமோன்களின் பங்கு அறியப்பட்ட வரலாறு

நிலாவெளியிலும் அதன் அயலிலும் மாட்டுப்பட்டி வைத்திருப்போர் யாவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. பசு கன்றை ஈன்ற பின்னரே பால் சுரக்கும். மீண்டும் சினைப்பட்டு மாதங்கள் செல்ல, பால் வற்றும். மடி ஓரிடத்திலும் கருப்பை வேறோரிடத்திலும் இருக்க, ஒன்றின் நிலையை மற்றொன்று அறிவது எங்ஙனம்? பட்டிக்காரர் இவ்வினாவை எழுப்புவதில்லை. கறவை நடந்தால் அவர்க்குப் போதும். இதனை எழுப்பிய மருத்துவர் ஒருவராலேயே மார்பகப் புற்றுநோயின் வரலாறு புதுவழியிற் சென்றது.

அவர் ஸ்கொத்துலாந்தைச் சேர்ந்த ஜோர்ஜ் பீற்சன். இளமையிற் பால் சுரத்தலைப் பற்றி ஆய்ந்தபோது, கன்றீன்ற பசுவின் சூலகங்களை அகற்றினால் அது நெடுங்காலம் பால் தரும் என்று சில நாட்டுக் கமக்காரர் கண்டிருந்தமையை அவர் அறிந்தார். மார்பகத்தைச் சூலகம் ஆளுகின்றதெனின், மார்பிற் பெருகும் புற்றையும் அது ஆளக்கூடுமன்றோ? ஜேர்மனியரான ஷின்சிங்கர் 1889இலேயே சூலகத்தை அகற்றலாம் என்று கூறினாரெனினும், செய்துகாட்டியவர் பீற்சனே. 1895இல், அறுவைக்கு அடங்காத நோயுற்ற 33 வயதுப் பெண்ணொருத்தியின் சூலகங்களை அவர் அகற்றினார். எட்டுத் திங்களிற் புற்று மறைந்தது. மறு ஆண்டு இதனை 'லான்செற்' இதழில் வெளியிட்டார். அப்பெண் சில ஆண்டுகளின் பின் நோய் மீளவே இறந்தாள் என்பதையும் மறைத்தலாகாது.

பிறரும் இவ்வறுவையைச் செய்தனர். 1900இல் இலண்டன் மருத்துவர் போய்ட் அவர்தம் அனுபவங்களைத் திரட்டி நோக்கியபோது, மூவருள் ஒருவரே பயன் பெற்றமை தெரிந்தது. ஏனைய இருவர்க்கு ஏன் பயனில்லை? இவ்வினா அரை நூற்றாண்டுக்கு மேல் விடையின்றிக் கிடந்தது. ஓமோன் என்ற பெயரே 1905இல்தான் வழக்கிற்கு வந்தது. சூலகத்தின் ஈஸ்திரோஜன்களுள் ஒன்றை அமெரிக்காவில் டொய்சியும் ஜேர்மனியிற் பூட்டனாண்டும் 1929இற் பிரித்தெடுத்தனர். 1950களின் இறுதியிற் சிக்காகோவில் எல்வுட் ஜென்சன் கதிர்வீசும் அணுவைச் சேர்த்த ஈஸ்திரோஜனை எலிகளுக்குச் செலுத்தி, கருப்பை போன்ற சில உறுப்புக்களே அதனைப் பற்றி வைத்திருக்கக் கண்டார். அவ்வுறுப்புக்களின் கலங்களில் ஓமோனை ஏற்கும் புரதமொன்று உண்டு. அவ்வேற்பி உள்ள புற்றே ஓமோனுக்குப் பணியும். இல்லாத புற்றிற்குச் சூலகத்தை அகற்றுதல் வீண் துன்பமே. மூவருள் இருவர் அத்துன்பத்தை வீணே சுமந்தனர் என்பதை எண்ணுங்கால் நெஞ்சு கனக்கின்றது.

ஏற்பியை அடைத்துவிட்டாற் கத்தியும் வேண்டியதில்லை. 1962இல் இங்கிலாந்திற் கருத்தடைக்கென ஆக்கப்பட்ட தமொக்சிபன் அத்தொழிலிற் தோற்றது. 1971இல் மான்செஸ்டரில் மார்பகப் புற்றுக்கு மருந்தெனத் தெரிந்தது. இலக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் ஆக்கப்பட்ட சென்ட்குரோமனோ கருத்தடையில் வென்றது. முற்றிய மார்பகப் புற்றிலும் சோதிக்கப்பட்டது. மும்பாய் ராட்டா நினைவு மருத்துவமனையினர் அறுவைக்கு முன் புரோஜெஸ்தரோன் வகை ஊசி ஒன்றை மட்டும் இட்டுச் சோதித்து, முடிவை 2011இல் வெளியிட்டனர். எல்லோரையும் ஒருங்கே நோக்கின் உறுதியான பயன் காணப்படவில்லை. அக்குள் நிணக்கணுக்களிற் புற்றுப் பரவியிருந்தோரிடத்தே பயன் தெரிந்தது.

இலங்கைப் பெண்டிரை மிகுதியாகத் தாக்கும் புற்று இதுவே. ஏற்பி உண்டோ இல்லையோ என்பதைக் கட்டியிலிருந்து எடுத்த சிறு தசையே கூறும். அதற்குக் கட்டியைக் காட்ட வேண்டும். நம்மூர்த் தாயரோ அதனைச் சேலைத்தலைப்பால் மூடி, பெற்ற மகளுக்கும் சொல்லாது நாட்கடத்துகின்றனர்.