மேளம் அடிக்க யாரிட்ட கேக்கணும்?

போன வருசம் நாங்க ஏழெட்டுப் பேர் சேர்ந்து கடற்கரையில ஒரு சின்ன நாடகமும் கவிதை வாசிப்பும் வைக்கலாம்னு கிளம்பினோம். அறுபது கதிரை, ரெண்டு ஸ்பீக்கர், வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர். அவ்வளவுதான். ஆனா நாடகம் பழக எடுத்த நாளைவிட, தாள் சேர்க்க எடுத்த நாள்தான் கூட. இடத்துக்கு ஒரு கந்தோர், ஒலிபெருக்கிக்கு இன்னொரு கந்தோர், அங்க போனா "முதல்ல இவங்ககிட்ட வாங்கிட்டு வாங்க" என்று திரும்பவும் பழைய கந்தோர். கடைசியில ஒரு உத்தியோகத்தர் இரக்கப்பட்டுச் சொன்னார்: "தம்பி, பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட ஆட்சேபணை இல்லன்னு ஒரு கடிதம் வாங்கிக்கிட்டு வாங்க. அது இருந்தா வேலை சுகம்."

எனக்கு அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் கதை தேடிப் போனபோது, அந்தப் படிவத்தில் இருக்கிற ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு சண்டை இருக்கு என்று தெரிந்தது. எத்தனை மணி வரைக்கும்? எந்த வீதியால? சத்தம் இருக்கா? பக்கத்துல வழிபாட்டுத் தலம் இருக்கா? இதெல்லாம் யாரோ சும்மா உட்கார்ந்து யோசித்து எழுதிய கேள்விகள் இல்லை.

நம்ம கரையில திருவிழாவுக்குக் குறைவில்லை. உடப்பில் திரௌபதை அம்மனுக்குப் பதினெட்டு நாள் விழா, முடிவில் தீமிதி. கற்பிட்டிப் பக்கம் தலவில் புனித அன்னம்மாள் திருவிழா மார்ச்சிலும் ஓகஸ்டிலும். சிலாபத்துக்குப் பக்கத்தில் முன்னேஸ்வரம். பள்ளிவாசல் கந்தூரிகள் வேறு. கடற்கரை வீதி ஒன்றிலேயே ஒரு வருசத்தில் நாலு மதத்து ஊர்வலமும் போகும். இப்படிப்பட்ட ஊர்களில் ஒரு ஊர்வலம் எப்போது, எங்கே நிற்கணும் என்கிறது எப்பவுமே சின்ன விசயம் இல்லை.

சட்டமாகப் பார்த்தால் கதை 1865 இல் தொடங்குகிறது. அந்த வருசத்துப் பொலிஸ் கட்டளைச் சட்டம்தான் (இலக்கம் 16) இன்றைக்கும் நம்ம ஊர்வலங்களை ஆள்கிறது. பொது இடத்தில் ஊர்வலம் போவதென்றால், தொடங்குகிற இடத்துக்குக் கிட்ட இருக்கிற பொலிஸ் நிலையத்துக்குக் குறைந்தது 6 மணித்தியாலத்துக்கு முன் அறிவிக்கணும் என்று அதன் 77ஆம் பிரிவு சொல்கிறது. கவனியுங்க: அறிவிக்கணும், அவ்வளவுதான். அனுமதி கேட்கணும் என்று அந்த வரி சொல்லவில்லை. ஆனால் அதே பிரிவின் அடுத்த பகுதியில் மேலதிகாரி தடுக்கலாம், நிபந்தனை போடலாம் என்று வருகிறது. அறிவித்தலுக்கும் அனுமதிக்கும் நடுவில் இருக்கிற இந்த இடைவெளிக்குள்தான் நம்ம கந்தோர் அலைச்சல் எல்லாம் நடக்குது. மேளம் விசயத்தில் சட்டம் இன்னும் இறுக்கம். பறை, மேளம் அடிக்க அனுமதிப்பத்திரம் வேணும் என்பது வெள்ளைக்காரன் காலத்திலேயே வந்துவிட்டது. அவனுக்கு நம்ம மேளம் சங்கீதமாகக் கேட்டிருக்காது, இரைச்சலாகத்தான் கேட்டிருக்கும்.

இந்த அனுமதித் தாளால் ஓடிய முதல் பெரிய இரத்தம் கொழும்பில். 1883 மார்ச் 25. அன்றைக்கு ஈஸ்டர் ஞாயிறு. கொட்டாஞ்சேனையில் மீகெட்டுவத்தே குணானந்த தேரரின் தீபதுத்தாராம விகாரைக்குப் போன பௌத்த ஊர்வலத்தைக் கத்தோலிக்கர்கள் தாக்கினார்கள். புனித லூசியா தேவாலயம் பக்கத்திலேயே இருக்கு. கத்தோலிக்கரின் புனித வாரத்தில், அந்தப் பகுதியால, மேளத்தோடு ஊர்வலம் போகலாமா என்கிற கேள்வியில் அதிகாரிகள் தடுமாறியதும் கலவரத்துக்கு ஒரு காரணம். அதற்குப் பிறகு, வழிபாட்டுத் தலத்துக்குக் கிட்ட மேளம் அடிக்கிறதற்கு நிபந்தனை போடுவது அதிகாரிகளின் வழமையாகிவிட்டது. சமாதானத்துக்காகப் போட்ட நிபந்தனைதான். அதுவே அடுத்த சண்டைக்கு விதையாகும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அந்த அடுத்த சண்டை கம்பளையில்.

கம்பளை வல்லஹகொட தேவாலயத்துக்கு வருசாவருசம் ஒரு பெரஹெரா உண்டு. அது போகிற அம்பகமுவ வீதியில் கரையோரச் சோனகர்கள், அதாவது தென்னிந்தியாவிலிருந்து வியாபாரத்துக்கு வந்து தங்கியவர்கள், ஒரு பள்ளிவாசல் கட்டினார்கள். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் இருக்கிற நமக்கு இந்த வியாபாரிகளைத் தெரியும். காயல்பட்டினம், கீழக்கரை என்று நம்ம வீட்டுக் கதைகளிலேயே அந்த ஊர்ப் பெயர்கள் வரும். பள்ளிவாசலுக்கு முன்னால் மேளம் நிற்கணும் என்று 1907 அளவில் அவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். 1912 இல் அரசாங்க அதிபர் ஒரு முடிவு எடுத்தார்: பெரஹெரா போகலாம், ஆனால் பள்ளிவாசலுக்கு இந்தப் பக்கம் 50 யார், அந்தப் பக்கம் 50 யார் மேளம் அடிக்கக் கூடாது.

மொத்தம் 100 யார். ஒரு கிரிக்கெட் மைதானத்தின் அகலம் கூட இல்லை. தேவாலயத்துப் பஸ்நாயக்க நிலமே அந்த 100 யாருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பெரஹெராவை நடத்தாமல் விட்டுவிட்டு, கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அவருடைய வாதம் எளிமையானது. 1815 மார்ச் 2 ஆம் திகதி கண்டி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது, பௌத்த சமயத்தையும் அதன் கிரியைகளையும் காப்பதாக ஐந்தாம் பிரிவில் பிரிட்டிஷ்காரர் வாக்குக் கொடுத்தார்கள். மேளம் இல்லாத பெரஹெரா பெரஹெராவே இல்லை. அப்படியென்றால் ஒரு அதிபர் எழுதுகிற தாள் ஒப்பந்தத்தை விடப் பெரிசா?

வழக்கைக் கேட்டவர் போல் ஈ. பீரிஸ். நீதிபதி மட்டுமில்லை, வரலாற்றாசிரியரும் கூட. இலங்கையில் போர்த்துக்கேயர் காலத்தைப் பற்றிய பெரிய நூலை எழுதிக்கொண்டிருந்த நாட்கள் அவை. 1914 ஜூன் 4 ஆம் திகதி நிலமேக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொன்னார். அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 1915 பெப்ரவரி 2 இல் உயர் நீதிமன்றத்தில் நீதியரசர்கள் ஷோவும் டி சம்பாயோவும் அதைத் தலைகீழாக்கினார்கள். 1865 பொலிஸ் கட்டளைச் சட்டமும் கம்பளை மாதிரி நகரங்களுக்கான 1898 உள்ளூர்ச் சபைச் சட்டமும் மேளத்துக்கு அனுமதி வேணும் என்றால், ஒப்பந்தம் அதைத் தடுக்காது. கண்டி ஒப்பந்தத்தின் நூறாவது வருசம் நிறைய இன்னும் ஒரு மாதமே இருந்தது. தற்செயல்தான், ஆனால் கண்டிக்காரர்களுக்கு அது தற்செயலாகத் தெரிந்திருக்காது.

மிச்சத்தைப் பாடப்புத்தகத்தில் படிச்சிருப்பீங்க. 1915 வெசாக் இரவு, மே 28. கண்டியில் பக்திகீதம் பாடிப் போகிற குழுக்களுக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள், ஆனால் பள்ளிவாசல் இருக்கிற காசில் ஹில் வீதிக்குள் நடுச்சாமத்துக்குப் பிறகுதான் போகணும் என்று நிபந்தனை. அதற்குள் பள்ளிவாசல் மூடிவிடும் என்பது கணக்கு. குழு போனபோது பள்ளிவாசல் இன்னும் திறந்தே இருந்தது, விளக்கு எரிந்தது. பொலிஸ் வேறு வீதியால திருப்பப் பார்த்தது. கூச்சல், கல்வீச்சு. அங்கிருந்து நாடு பூராவும் பரவி, முஸ்லிம்களின் 4,000 க்கும் மேற்பட்ட கடைகள் கொள்ளை போயின, உயிர்களும் போயின. ஜூன் 2 இல் தொடங்கிய இராணுவச் சட்டம் அஞ்சு மாகாணங்களுக்கு வந்தது. சிலாபமும் புத்தளமும் இருக்கிற நம்ம வடமேல் மாகாணமும் அதில் ஒன்று. விசாரணை என்ற பெயரில் பலரைச் சுட்டுக் கொன்றார்கள். ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞரை ஜூலை 7 இல் சுட்டார்கள். பொன்னம்பலம் இராமநாதன் சிங்களத் தலைவர்களுக்காகக் குரல் கொடுத்தார், லண்டன் வரை போனார். கடை எரிந்த முஸ்லிம்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை நம்ம பாடப்புத்தகங்கள் ரெண்டு வரிக்குமேல் எழுதுவதில்லை.

கலவரத்துக்கு 100 யார் மேளம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. வியாபாரப் போட்டி, யுத்தகால விலைவாசி, அநகாரிக தர்மபாலவின் எழுத்து என்று நிறைய இருக்கு. ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். அரசாங்கம் அந்த நிபந்தனையைப் போட்டது நடுவுநிலை என்ற பெயரில். வாங்கிக்கட்டியது கடை வைத்திருந்த சாதாரண முஸ்லிம். தாளில் கையெழுத்துப் போட்டவரின் வீட்டுக் கண்ணாடி உடையவில்லை.

சரி, நம்ம கரைக்கு வருவோம். முன்னேஸ்வரத்தில் சிவன் கோயில் மட்டுமில்லை. அதே வளாகத்தில் பத்திரகாளி அம்மன் கோயில் இருக்கு, ஐயனார் இருக்கிறார், பிள்ளையார் இருக்கிறார், ஒரு பௌத்த விகாரையும் இருக்கு. பத்திரகாளிக்கு நேர்த்தி வைக்க வருகிறவர்களில் பெரும்பகுதி சிங்கள பௌத்தர்கள். ரோஹன் பாஸ்டின் என்ற மானிடவியலாளர் இந்தக் கலப்பைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். வருசாந்தத் திருவிழாவின்போது காளிக்கு ஆடு, கோழி பலி கொடுப்பது நெடுநாள் வழமை.

2011 செப்டம்பரில் அமைச்சர் மேர்வின் சில்வா ஆட்களோடு கோயிலுக்கு வந்து, பலிக்கு வைத்திருந்த மிருகங்களை ஏற்றிக்கொண்டு போனார். எந்த நீதிமன்றக் கட்டளையும் கையில் இல்லாமல். அதை அன்றைக்குக் கைதட்டி ரசித்தவர்களும் இருந்தார்கள். பிறகு விசயம் நீதிமன்றத்துக்குப் போனது. பிக்குகள் அமைப்பும் மிருகநேயர்களும் பலியைத் தடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். 2013 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன முடிவில் எனக்கு ஆர்வமானது, அதற்குப் பிடித்த காரணம். பலி பாவமா, சமய உரிமையா என்ற பெரிய கேள்வியால் அது முடியவில்லை. 1893 ஆம் ஆண்டுக் கசாப்புக்காரர் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மிருகம் அறுக்கக் கூடாது என்பதால் முடிந்தது.

இறைச்சிக் கடைக்காகக் கொண்டுவந்த ஒரு சட்டம். ஊர்ச் சபைகள் லைசன்ஸ் கொடுக்கிற, மாடு களவு போகாமல் பார்க்கிற, சுகாதாரம் பார்க்கிற சட்டம். அதுதான் காளி கோயில் வாசலை மூடியது. ஹஜ்ஜுப் பெருநாள் வரும்போது குர்பானுக்கு மாடு கொண்டுவர, அறுக்க என்று நம்ம முஸ்லிம் நண்பர்களின் வீடுகளில் நடக்கிற தாள் ஓட்டமும் இதே சட்டத்தின் பக்கங்களில்தான் போய் முடியும். 2018 செப்டம்பரில் இந்து ஆலயங்களில் மிருகபலியைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை உடன்பட்டது. முன்வைத்தவர் இந்து சமய அலுவல்கள் அமைச்சர் டி. எம். சுவாமிநாதன். இந்துக்களுக்குள்ளேயே இதை வரவேற்றவர்கள் நிறையப் பேர்.

என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஆடு வெட்டுவதைப் பார்க்க எனக்கு மனசில்லை. பலி நின்றதற்காக நான் அழவும் இல்லை. ஆனால் ஒரு அமைச்சர் லொறியோடு வந்து செய்ததையும், நீதிமன்றம் லைசன்ஸ் பற்றிச் சொன்னதையும், ஊர் தன் பழக்கத்தைத் தானே கதைச்சு மாற்றுவதையும் ஒரே தராசில் போட முடியாது. மூன்றாவது நடப்பதற்கு நேரமே யாரும் கொடுக்கவில்லை. பலி கொடுக்க வந்த சிங்கள அம்மாவிடமும் யாரும் கேட்கவில்லை. தொலைக்காட்சிக்கு அது தமிழர் கோயில், அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்து வீட்டுக் கடிதம் எங்கிருந்து வந்தது என்பதையும் கண்டுபிடித்தேன். 2007 நவம்பர் 9. வெலிகமையில் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி அனுமதி பற்றிய வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பிரதம நீதியரசர் சரத் என். சில்வா அதை நாடு முழுவதுக்குமான சத்த விதியாக மாற்றினார். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. விசேட சமய நிகழ்வுகளுக்கும் வேறு விசேட நிகழ்வுகளுக்கும் அந்த நேரத்தில் அனுமதி கொடுப்பதென்றால், அயலில் குடியிருப்பவர்களின் கருத்தை முதலில் அறியணும். பாங்கு, பிரித், திருவிழாப் பாட்டு எல்லாம் ஒரே விதிக்குள்.

1912 இல் அதிபர் தனியாக எடுத்த முடிவோடு ஒப்பிட்டால், அயலவரிடம் கேள் என்பது எனக்குப் பிடித்த வரி. ஆனால் அயலவர் யார் என்பதை எழுதுகிறவர் இன்னும் அதிகாரிதான். நம்ம ஊரில் சில நிகழ்ச்சிகளுக்கு அந்தக் கடிதத்தை யாரும் கேட்பதே இல்லை. அரசியல்வாதி வருகிற மேடைக்குப் பதினொரு மணி வரைக்கும் ஸ்பீக்கர் கத்தும்.

நாங்கள் கேட்டது மாலை 6 முதல் 9 வரைக்கும். அந்த நேரத்துக்கு அயலவர் கடிதம் தேவையே இல்லை என்று இப்போது தெரியும். அப்போது தெரியாது. அதனால் ஆறு வீடு ஏறி இறங்கினோம். ஒரு வீட்டில் நானா ஒருத்தர் கடிதத்தை ரெண்டு தடவை வாசித்தார். "மக்ரிப் தொழுகை நேரம் மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கங்க" என்றார். "சரி நானா" என்றோம். அவர் கையெழுத்துப் போட்டார். நாங்க நாடகத்தை ஏழு மணிக்குத் தொடங்கினோம்.