நாய் ஊளையிட்டால் சாவு வருமா?
(மக்கள் நம்பிக்கைகளில் நாய் - ஒரு பார்வை)



நாட்றம்பள்ளி, வாணியம்பாடி, ஆம்பூர் பகுதிகளில் தோல் தொழிற்சாலையிலோ ஷூ கம்பெனியிலோ இரவு ஷிப்ட் முடித்து வீடு திரும்புகிறவர்களுக்குத் தெருநாய்கள் புதியவை அல்ல. ஆனால் வீட்டில் நோயாளி ஒருவர் படுத்திருக்கும்போது நள்ளிரவில் நாய் ஊளையிட்டால், பலருக்கு நெஞ்சு படபடக்கிறது. எமன் வருவது நாயின் கண்ணுக்குத் தெரியும் என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் வருகிறவர்களின் வீட்டிலும் இந்த அச்சம் உண்டு. இது எங்கிருந்து வந்தது? இதை நாம் எப்படிப் பார்க்க வேண்டும்?

சாவின் வாசலில் நாய்

இந்த நம்பிக்கை நம் ஊருக்கு மட்டும் உரியது அல்ல. இருக்கு வேதத்தில் எமனுக்கு நான்கு கண்களை உடைய இரண்டு நாய்கள் உண்டு. இறந்தோர் செல்லும் வழியை அவை காக்கின்றன. கிரேக்கர்கள் பாதாள உலகின் வாசலில் செர்பெரஸ் என்ற மூன்று தலை நாயை நிறுத்தினார்கள். மெக்சிகோவின் பழங்குடி மக்கள், இறந்தவரை ஆற்றின் அக்கரைக்கு நாயே கொண்டு சேர்க்கும் என்று நம்பினார்கள். மகாபாரதத்தின் இறுதியில் தருமரோடு கடைசிவரை நடந்து வரும் நாய், அறக்கடவுளே என்று தெரிய வருகிறது. பைரவருக்கும் நாய்தான் வாகனம். தருமபுரி அருகே அதியமான்கோட்டையில் உள்ள காலபைரவர் கோயிலுக்குத் தேய்பிறை அட்டமி நாளில் பெருங்கூட்டம் வருகிறது.

இங்கிலாந்தில் 'கருநாய்' பற்றிய கதைகள் ஏராளம். 1577ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள், பங்கே என்ற ஊரின் ஆலயத்தில் மக்கள் கூடியிருந்தபோது பெரும் புயல் அடித்தது. கரிய நாய் ஒன்று உள்ளே பாய்ந்து இருவரைக் கொன்றதாக அன்றே துண்டு நூல் அச்சிட்டுப் பரப்பினார்கள். ஆலயத்தின் மேல் இடி விழுந்ததே இக்கதைக்குக் காரணம் என்று இன்று விளக்குகிறார்கள்.

இத்தனை நாடுகளிலும் நாயே ஏன்? வீட்டு வாசலில் படுத்து, உள்ளே இருப்போரையும் வெளியே இருப்போரையும் பிரித்தறிவது நாய். நமக்குக் கேட்காத ஒலி அதற்குக் கேட்கிறது. நமக்குத் தெரியாத வாசனை அதற்குத் தெரிகிறது. ஆகவே வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவில் உள்ள வாசலிலும் மனிதன் அதையே காவல் வைத்தான். உண்மையில் ஊளை என்பது ஓநாய் இனத்திலிருந்து வந்த பழக்கம். தொலைவில் உள்ள மற்ற நாய்க்குக் குரல் கொடுக்க அது ஊளையிடுகிறது. ஆம்புலன்ஸ் சைரனுக்கும் அது ஊளையிடுவதைப் பார்த்திருப்போம்.

நம் மண்ணின் கோவிவன்

நாட்றம்பள்ளியிலிருந்து திருப்பத்தூர் வழியாகச் சென்றால் செங்கம். அதன் அருகே எடுத்தனூரில் கிடைத்த நடுகல், 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளை மீட்கப் போராடி உயிர்விட்ட வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. இரண்டு கள்வரைக் கடித்து, தன் தலைவனுக்குக் காவல் நின்றது என்று சொல்லும் கல்வெட்டு, நாயின் பெயரையும் தருகிறது: கோவிவன். ஏறக்குறைய 1400 ஆண்டுகளுக்கு முன்னரே நம் முன்னோர் ஒரு நாயின் நன்றியைக் கல்லில் எழுதி வைத்தார்கள்.

திருவிவிலியத்திலும் புனிதர் வாழ்விலும்

தோபித்து நூலில், இளைஞர் தோபியா வானதூதர் இரபேலோடு பயணம் புறப்படும்போது அவருடைய நாயும் உடன் செல்கிறது, திரும்பும்போதும் வருகிறது. இலாசரின் புண்களை நாய்கள் நக்கியதை லூக்கா 16ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நாம் ஆரோக்கியநாதர் என்று அழைக்கும் தூய ரோக், கொள்ளைநோய் கண்டு காட்டில் தனித்துக் கிடந்தபோது ஒரு நாய் நாள்தோறும் அப்பம் கொண்டுவந்து கொடுத்ததாக மரபு கூறுகிறது. அவருடைய சுரூபத்தின் காலடியில் நாய் இருப்பது இதனால்தான்.

நமக்கு இன்னும் அருகில் உள்ளவர் தூய தொன் போஸ்கோ (1815-1888). அவருடைய சலேசிய சபையினர் 1951இல் திருப்பத்தூரில் தொடங்கியதே தூய நெஞ்சக் கல்லூரி. தூரின் நகரில் எதிரிகள் அவரைத் தாக்க முயன்றபோதெல்லாம் சாம்பல் நிறப் பெரிய நாய் ஒன்று வந்து காத்தது. அதற்கு 'கிரிஜோ' என்று பெயரிட்டார். இத்தாலிய மொழியில் சாம்பல் நிறம் என்று பொருள். ஓர் இரவு அது வாசலில் குறுக்கே படுத்து அவரை வெளியே போக விடவில்லை. நாய் சொல்வதையாவது கேள் என்றார் அவருடைய தாய் மார்கரீத்தா. சற்று நேரத்தில், வழியில் ஆள்கள் பதுங்கியிருக்கும் செய்தி வந்தது. அந்த நாய் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. அதை வானதூதர் என்று அவர் அறிவிக்கவும் இல்லை. இறைப் பராமரிப்பாகக் கண்டு நன்றி சொன்னார். அதற்கு விழா எடுக்கவோ சிலை வைக்கவோ அவர் முயலவில்லை.

நம்பிக்கை வழி தவறும்போது

13ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் லியோன் அருகே வேறு விதமாக நடந்தது. பாம்பிடமிருந்து குழந்தையைக் காப்பாற்றிய வேட்டைநாயைத் தலைவன் தவறாகக் கொன்றுவிட்டானாம். சிலப்பதிகாரத்தில் வரும் கீரிப்பிள்ளைக் கதை நினைவுக்கு வருகிறது அல்லவா? அந்த நாயை மக்கள் 'தூய கினெபோர்' என்று வணங்கத் தொடங்கினர். தாய்மார் நோயுற்ற பச்சிளங்குழந்தைகளைக் காட்டுக்குக் கொண்டுபோய், மெழுகுதிரி ஏற்றி, தனியே விட்டுவந்தனர். தீப்பட்டு இறந்த குழந்தைகளும் உண்டு என்று எழுதுகிறார், இதை விசாரித்த சாமிநாதர் சபைத் துறவி பூர்போன் ஸ்தேபான். அவர் நாயின் எலும்புகளைத் தோண்டி எரிக்கச் செய்தார். ஆயினும் அந்த வழக்கம் பல நூற்றாண்டுகள் நீடித்தது.

அன்புக்குரியவர்களே, இது பழங்கதை மட்டும் அல்ல. இன்றும் நாய் கடித்தால் மந்திரிக்கவும் வேர் கட்டவும் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். காயத்தில் மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஐரோப்பாவிலும் 'தூய ஹூபர்ட் சாவி' என்ற இரும்பைக் காய்ச்சிக் கடிவாயில் சூடு போட்டார்கள். 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் லூயி பாஸ்டர், 9 வயதுச் சிறுவன் யோசேப்பு மெய்ஸ்டருக்குத் தடுப்பூசி போடச் செய்தார், சிறுவன் பிழைத்தான். நம் மாநிலத்தில் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இயங்குகிறது.

வெறிநோயின் அறிகுறி தோன்றிய பிறகு பிழைப்பது மிக மிக அரிது. எனவே கடித்த உடனே ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்லுங்கள், தடுப்பூசி இலவசம். மருத்துவர் சொல்லும் நாள்களில் எல்லா ஊசிகளையும் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் கீறல்தானே என்று விட வேண்டாம். பயந்து சொல்லாமல் இருக்கும் பிள்ளைகளைத் திட்டாமல் கேளுங்கள்.

இரவில் நாய் ஊளையிட்டால் கல்லெடுத்து எறிய வேண்டியதில்லை. நோயாளி படுத்திருக்கும் வீடாக இருந்தால், எழுந்து அவருக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு, கையைப் பிடித்துக்கொண்டு அருகில் அமருங்கள். அந்த ஊளை அவர் காதிலும் விழுந்திருக்கும். அவருக்கும் அச்சம் இருக்கும்.