வரைபடமும் உடைமையும்: தொழில் வடிவமைப்புகளின் பகிர்வு பற்றிய சில வரலாற்றுக் குறிப்புகள்

ஒருவர் தாம் ஆக்கிய பொருளொன்றின் வரைபடத்தை இன்று கணினி வழியாகச் சில நொடிகளில் உலகெங்கும் அனுப்பிவிட முடிகிறது. அதனைப் பெறுபவரிடம் முப்பரிமாண அச்சுப்பொறி ஒன்றிருப்பின், அப்பொருளைத் தம் வீட்டிலேயே வடித்தெடுக்கலாம். இவ்வாறு பகிரப்படும் ஆக்கத்தின் மீது ஆக்கியோனுக்கு எஞ்சும் உரிமை யாது என்னும் வினா பெரும்பாலும் சட்ட வல்லுநர்களுக்கே விடப்பட்டுள்ளது. இலக்கிய மாணவர்களாகிய நாம் இதனுட் புகுவது சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். ஆயின், ஏட்டுச் சுவடிகளிலே ஆசிரியர் பெயரையும் இடைச்செருகலையும் தேடிக் காலங்கழிக்கும் எமக்கு, ஓர் ஆக்கம் பலர் கைப்பட்டுப் பெருகும்போது அதன் கர்த்தாவுக்கு என்ன நேர்கிறது என்பது புதிய பிரச்சினையன்று. பகிர்வும் உடைமையும் ஒன்றையொன்று விலக்குவன என்னும் பொதுவான கருத்து வரலாற்றின் முன் நிலைக்குமா என்பதே இங்கு நாம் நோக்க விரும்புவது.

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள கோண்வால் பிரதேசத்திலிருந்து தொடங்குவோம். செம்பும் வெள்ளீயமும் மிகுந்த அப்பிரதேசத்தில் நிலக்கரி இல்லை. ஆழச் சுரங்கங்களில் ஊறும் நீரை இறைப்பதற்கு நீராவிப் பொறிகள் வேண்டியிருந்தன. அவற்றுக்கான கரி வேல்சிலிருந்து கப்பலில் வந்தது. தனியான ஒடுக்கியைக் கொண்ட பொறிக்கு ஜேம்ஸ் வாட் 1769இல் பெற்ற ஆக்கவுரிமையைப் பாராளுமன்றம் 1775இல் ஒரு தனிச் சட்டத்தின் மூலம் 1800 வரை நீடித்தது. வாட்டும் அவர்தம் கூட்டாளி மத்தியூ போல்ற்றனும், பழைய நியூகொமன் பொறியோடு ஒப்பிடுகையில் மிச்சமாகும் கரியின் பெறுமதியில் மூன்றிலொரு பங்கைச் சுரங்கங்களிடமிருந்து அறவிட்டனர். பொறியைத் திருத்த முயன்ற பிறர் வழக்குகளைச் சந்தித்தனர். இரட்டை உருளைப் பொறிக்கு 1781இல் தாமே ஆக்கவுரிமை பெற்றிருந்த ஜொனதன் ஹோண்புளோவரும் இதற்குத் தப்பவில்லை.

உரிமை காலாவதியானதும் வளர்ச்சி பீறிட்டெழுந்தது என்று எண்ணிவிடலாகாது. சில ஆண்டுகள் பொறிகள் பராமரிப்பின்றிச் சீர்கெடவே செய்தன. மாற்றம் 1811இல் வந்தது. ஜோயல் லீன் என்னும் சுரங்க மேற்பார்வையாளர் மாதந்தோறும் ஓர் அறிக்கையை வெளியிடத் தொடங்கினார். பொறியின் அமைப்பு, உருளையின் அளவு, எரித்த கரி, இறைத்த நீர் ஆகிய விவரங்களோடு பொறியியலாளரின் பெயரும் அதில் அட்டவணையாக இடம்பெற்றது. மறுவருடம் றிச்சட் திரெவிதிக் தாம் நிறுவிய உயரமுக்கப் பொறிக்கு ஆக்கவுரிமை கோரவில்லை. ஆதர் வூல்ப் தமது 1804ஆம் ஆண்டு ஆக்கவுரிமையோடு இரட்டை உருளைப் பொறியை அங்கு கொணர்ந்தார். எனினும், எவரும் பின்பற்றக்கூடியதாயிருந்த திரெவிதிக்கின் பொறியே நிலைபெற்றது. 1811இல் ஒரு புசல் கரி சராசரியாக 1 கோடியே 70 இலட்சம் இறாத்தல் நீரை ஓரடி உயர்த்தியது. 1840களில் அது மூன்று மடங்கைத் தாண்டிற்று.

இவ்வறிக்கையின் உயிர்நிலை அந்தப் பெயர் நிரலே என்பது எமது கருத்து. வரைபடம் எல்லோருக்கும் பொதுவாயிற்று. ஆக்கியோன் பெயரோ அவனுக்கே உரியதாய் நின்றது. பொறியியலாளர் ஒரு சுரங்கத்திலிருந்து மறு சுரங்கத்துக்கு அமர்த்தப்படுவோராதலின், அட்டவணையில் உயர்ந்த இடம் அடுத்த வேலைக்கான முதலாயிற்று. றொபேட் அலன் 1983இல் எடுத்துரைத்த கூட்டுப் புத்தாக்கம் என்னும் கருத்தை அலெசாண்ட்றோ நுவொலாறி 2004இல் கோண்வாலுக்குப் பொருத்திக் காட்டியுள்ளார். எனினும் இதனைப் பொதுவுடைமையின் முன்னோடியாகக் கொண்டாடுவது பேதைமை. பங்குதாரர் பலர் ஒரே வேளையில் பல சுரங்கங்களில் முதலிட்டிருந்தனர். கரிச் செலவு குறைவது அவர்கள் அனைவரதும் பொது நலனாயிருந்தது. மூலதனம் தனக்குள்ளே பகிர்வதற்குத் தடை சொல்வதில்லை.

இதன் பின்னணியிலேயே நம் காலத்து நிகழ்ச்சிகளை நோக்குதல் தகும். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அட்றியன் போயர், தன் உறுப்புக்களைத் தானே அச்சிடக்கூடிய பொறியொன்றைப் பற்றி 2004இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கம்யூனிஸ்ட் அறிக்கையின் நோய்க்கணிப்பு சரியானது, மருந்து தவறானது என்பது அவர் நிலைப்பாடு: உற்பத்திச் சாதனத்தைக் கைப்பற்றத் தேவையில்லை, அது தானே பெருகி எல்லோர் கைக்கும் வந்துவிடும்! மோட்டாரும் மின்னணுச் சுற்றும் அச்சில் வருவதில்லை என்பதையும், வரைபடங்கள் தங்கும் களஞ்சியம் யாருடையது என்பதையும் அவர் போதிய அளவு சிந்திக்கவில்லை எனலாம். றெப்றாப் எனப்பட்ட அத்திட்டத்தின் வரைபடங்கள் கட்டற்ற மென்பொருளியக்கத்தின் பொது உரிமத்தின் கீழ் வெளியாயின. எவரும் செய்யலாம், விற்கலாம், திருத்தலாம். திருத்தியதை வெளியிடுபவர் அதே நிபந்தனையில் வெளியிட வேண்டும்.

உருக்கிய பிளாஸ்ரிக்கைப் படைபடையாக இடும் முறைக்கு ஸ்ட்ராற்றாசிஸ் நிறுவனம் கொண்டிருந்த அடிப்படை ஆக்கவுரிமை 2009இல் முடிவுற்றது. அதே ஆண்டில், றெப்றாப் இயக்கத்திலிருந்து வந்த ஒருவரையும் உள்ளடக்கிய மூவர் நியூயோர்க்கில் மேக்கர்பொட் நிறுவனத்தைத் தொடங்கினர். வரைபடங்களைப் பகிரும் திங்கிவேர்ஸ் என்னும் களஞ்சியமும் அதன் வசமாயிற்று. ஆயிரக்கணக்கானோர் ஊதியமின்றித் தம் ஆக்கங்களை அங்கு இட்டனர். 2011இல் ஒரு கோடி டொலர் வெளி முதலீடு வந்தது. 2012இல் களஞ்சியத்தின் விதிகளிலே, பயனர் தம் பெயர் குறிக்கப்படும் உரிமையைக்கூட நிறுவனத்துக்கு எதிராகக் கோரமாட்டார் என்னும் வாசகம் இருப்பது வெளிச்சத்துக்கு வந்தது. அவ்வாண்டு செப்ரெம்பரில் நிறுவனம் தன் புதிய பொறியின் வரைபடத்தை மூடிக்கொண்டது. செக் நாட்டு வடிவமைப்பாளர் யோசெப் புரூஷா தம் ஆக்கங்களைத் திரும்பப் பெற்று, பிறரையும் எதிர்ப்புக்கு அழைத்தார். 2013இல் மேக்கர்பொட்டை 40 கோடி டொலருக்குச் சற்று மேற்பட்ட பெறுமதியான பங்குகளுக்கு வாங்கியது வேறு யாருமன்று, ஸ்ட்ராற்றாசிஸே.

உரிமம் காவாதா என்பார் உளர். கிறியேற்றிவ் கொமன்ஸ் அமைப்பு 2002இல் வெளியிட்ட உரிமங்கள் பதிப்புரிமையை அடியாகக் கொண்டவை. சிற்பத்துக்கோ அலங்காரத்துக்கோ அவ்வுரிமை செல்லும். ஒரு பற்சில்லுக்கோ கீலுக்கோ அது செல்வது ஐயத்துக்குரியது. பயன்பாட்டு வடிவம் பெரும்பாலும் பதிப்புரிமைக்குப் புறம்பானது. எமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும், தொழில்நுட்பப் பயனை மாத்திரம் நோக்கிய அம்சத்தைக் கைத்தொழில் மாதிரியாகப் பாதுகாப்பதில்லை. ஆதலால் பலர் வேறொரு உபாயத்தைக் கைக்கொள்கின்றனர்: பொருளின் மேற்பரப்பை முக்கோணங்களாக்கிய அச்சுக் கோப்பை மட்டும் வெளியிட்டு, அளவுகளையும் ஆக்கமுறையையும் கொண்ட மூலக் கோப்பைத் தம்மிடமே வைத்துக்கொள்கின்றனர். பொருள் பரவும், அதனைத் திருத்தும் அறிவு பரவாது. லீனின் அட்டவணைக்கு இது நேர்மாறானது. ஆயினும் கூலியின்றி உழைக்கும் தனி ஆக்கியோன் இதனை நாடுவதை நாம் குறைகூறுதற்கில்லை. 2016இல் சிறு நிறுவனமொன்று, வணிகப் பயன்பாட்டைத் தடுத்த உரிமங்களின் கீழிருந்த வடிவங்களையும் திங்கிவேர்சிலிருந்து எடுத்து அச்சிட்டு இணையச் சந்தையில் விற்பனைக்கு வைத்தது. ஆக்கியோர் திரண்டு எழுப்பிய கண்டனமும் களஞ்சிய உரிமையாளரின் தலையீடுமே அதனை நிறுத்தின. எந்த நீதிமன்றமும் தீர்ப்பளிக்கவில்லை.

2023 மார்ச்சில் புரூஷா மற்றொரு கட்டுரை எழுதினார். திறந்த வரைபடங்களைப் பெருநிறுவனங்கள் எடுத்தாண்டு எதனையும் திருப்பித் தருவதில்லை, சில அவற்றின் மீதே ஆக்கவுரிமை கோருகின்றன என்பது அவர் முறைப்பாடு. அச்சொட்டான பிரதிகளை வணிகத்துக்காகச் செய்வதைத் தடுக்கும் புதிய உரிமமொன்றை அவர் முன்மொழிந்தார். அம்மாதமே வெளிவந்த அவரது பொறியின் மின்னணுச் சுற்று வரைபடங்கள் உடன் வெளியிடப்படவில்லை. முறைப்பாட்டில் உண்மை இருந்தது. 2012இல் எதிர்ப்புக்கு அழைத்தவர் ஓர் இளம் வடிவமைப்பாளர்; இப்போது எழுதியவர் பிராக் நகரிலே பல நூறு தொழிலாளர் பணிபுரியும் ஆலையொன்றின் அதிபர்.