தந்தையின் கையில்

2022 மே 15 அன்று நம் தேவசகாயத்தோடு புனிதர் நிலைக்கு உயர்த்தப்பெற்றவர் பிரெஞ்சு நாட்டுத் துறவி சார்லஸ் தெ ஃபூக்கோ. அவர் பெயரால் வழங்கும் கையளிப்புச் செபத்தைத் தியான நாட்களில் நம்மில் பலர் சொல்லியிருக்கிறோம். ஆயினும் அவர் அதைத் தம் செபமாக எழுதவில்லை.

அந்நாளில் சிரியாவைச் சேர்ந்திருந்த அக்பெஸில் ஒரு திராப்பிஸ்ட் மடம் இருந்தது. 1890 முதல் அங்கே வாழ்ந்த சார்லஸ், 1896ஆம் ஆண்டளவில், செபம் பற்றிய நற்செய்திப் பகுதிகளைத் தியானித்துக் குறிப்புகள் எழுதினார். லூக்கா 23:46-க்கு வந்தபோது, சிலுவையில் உயிர்விடும் இயேசுவின் உள்ளத்தில் நின்று சில வரிகள் எழுதினார். அவற்றில் பேசுபவர் இயேசு, சார்லஸ் அல்லர். பிற்காலத்தவரே அவற்றைச் சுருக்கி நம் வாய்க்கு உரிய செபமாக்கினர்.

இவ்வேறுபாடு சிறிதன்று. எது நேரினும் ஏற்கிறேன் என்று சொல்ல நமக்கு நா எழுவதில்லை. நோயுற்ற பிள்ளையின் கட்டிலருகே நிற்கும் தாயை அப்படிச் சொல்லச் சொல்வது கொடுமை என்றே கருதுகிறேன். ஆனால் மகன் முன்பே சொல்லிவிட்ட சொல்லுக்குப் பின்னே நின்று 'ஆமென்' என்று முணுமுணுக்க அவளாலும் ஒருவேளை இயலும்.

சார்லஸுக்கும் அச்சொற்கள் எளிதில் வசப்படவில்லை. தம்மோடு வாழச் சகோதரர்களை வேண்டினார். அவர்களுக்கென ஒழுங்குகளும் எழுதி வைத்தார். நிலைத்துத் தங்கியவர் எவருமில்லை. 1916 டிசம்பர் 1 அன்று சகாராவின் தமன்ராசெட்டில் சுடப்பட்டு இறந்தார். அவர் கேட்ட சகோதரர்கள் 1933இல் வந்தார்கள்.